பெடல் பாதி இறங்கித்தான் பிரேக் பிடிக்கிறதா?

பிரேக் பேட் மாற்றியும் பெடல் பாதி இறங்கித்தான் பிடிக்கிறது, இரண்டாவது மிதியில் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது மிதியைக் கவனியுங்கள். பெடல் மேலே ஏறிக் கெட்டியாக நின்றால், பெரும்பாலும் பின் சக்கர டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகம். பழைய கார்களில் அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றுவிடுவது சகஜம். அதைச் சுத்தம் செய்து, சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஷூ லேசாக உரசும் அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

பெடல் ஏறியும் ஸ்பாஞ்சு போல அமுங்கினால் பிரேக் லைனில் காற்று, பிளீட் செய்யணும், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றணும். பிரேக் ஆயில் கறுத்திருந்தால் முழுசாக மாற்றிவிடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சும்.

அப்புறம், வண்டி நிற்கும்போது பெடலை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். மெல்ல அடிவரை இறங்கினால் எங்கோ கசிவு. வெளியே ஈரமில்லை என்றால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர்தான் (பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளும் பம்ப்). அப்படியானால் மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள், தயவுசெய்து.