இரசாயனக் கணக்குக் கேட்டு அமைச்சுக் கடிதம் வந்திருக்கிறது, பதில் போட வேண்டுமா?

கேள்வி: நானும் காக்காவும் (அண்ணன்) என் மனைவியும் பணிப்பாளர்களாக உள்ள சின்னக் கம்பனி எங்களுடையது. 2020இல் கொரோனா நேரம் சனிடைசர் ஜெல் செய்து தொடங்கினோம், இப்போது லோஷன், தரை கழுவும் திரவம் என்று செய்கிறோம். அதற்காக ட்ரைஎத்தனோலமைன் 10 டிரம் இறக்குமதி செய்தோம். கடந்த வருடம் மாலைதீவில் ரிசோர்ட்டுகளுக்குச் சாமான் போடும் ஒருவர் கேட்டதால் அதில் 4 டிரம்மும், நீச்சல் தடாகத்துக்கு என்று ஹைட்ரோகுளோரிக் அசிட் 30 கேனும் அனுப்பினோம். கொழும்பில் சுங்கப் படிவம் நிரப்பும் வார்ஃப் கிளார்க் எல்லாவற்றையும் 'கிளீனிங் கெமிக்கல்ஸ்' என்று ஒரே வரியில் போட்டுவிட்டார். இப்போது கைத்தொழில் அமைச்சின் கீழுள்ள ஓர் அதிகாரசபையிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்திருக்கிறது, தலைப்பில் இரசாயன ஆயுதம் என்று இருக்கிறதாம். வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை. பதில் போடாமல் விட்டால் என்ன? மனைவியின் பெயரைப் பணிப்பாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா? டுபாயிலிருந்து ஒருவர் இன்னும் 20 டிரம் கேட்கிறார், அனுப்பலாமா? – காத்தான்குடி வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தையும் அனுப்பிய படங்களையும் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டாம் தடவைதான் சிக்கல் எங்கே என்று பிடிபட்டது. நீங்கள் பயப்படுவது அமைச்சுக் கடிதத்துக்கு. எனக்குப் பயம் அந்த 30 கேனில்தான்.

உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. யுத்தத்தின்போது வவுணதீவுச் சோதனைச் சாவடியில் ஒரு மூட்டை யூரியாவோ நாலு டோர்ச் பற்றரியோ படுவான்கரைக்குக் கொண்டுபோக முடியாமல் நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள், 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி எங்கேயாவது ஒரு கையொப்பம் வாங்குவது எப்படி இருந்தது என்பதை என்னிடம் வந்த எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அதனால் 'காத்தான்குடி', 'இரசாயன ஆயுதம்' இரண்டும் ஒரே கடிதத்தில் இருந்தால் நித்திரை போகத்தான் செய்யும். ஆனால் உங்களுக்கு வந்தது பொலிஸ் அழைப்பாணை இல்லை, கணக்குக் கேட்கும் கடிதம். வெள்ளவத்தையில் ஷாம்பு செய்கிறவருக்கும் இதே கடிதம் போகும்.

விடயம் இதுதான். 1997 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள இரசாயன ஆயுதங்கள் சமவாயத்தில் இலங்கை சேர்ந்திருக்கிறது, அதை நாட்டுக்குள் நடைமுறைப்படுத்த 2007ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அதன் கீழ்த்தான் உங்களுக்குக் கடிதம் எழுதிய தேசிய அதிகாரசபை. சமவாயத்தில் மூன்று அட்டவணைகள். முதலாவதில் இருப்பவை சாதாரண வியாபாரி வாழ்நாளில் கண்ணால் காணாதவை. மூன்றாவதில் இருப்பவை கைத்தொழிலில் டன் கணக்கில் ஓடுபவை, ஆனால் கெட்ட வழியிலும் பயன்படக்கூடியவை. உங்கள் ட்ரைஎத்தனோலமைன் அந்த மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. ஸ்டியரிக் அசிட்டோடு சேர்ந்து உங்கள் லோஷனைத் திரையாமல் வைத்திருக்கும் அதே சாமான்தான், நைதரசன் மஸ்டர்ட் என்கிற நச்சு ஒன்றுக்கும் மூலப்பொருள். அதனால் பட்டியலில் போட்டிருக்கிறார்கள், தடை செய்யவில்லை. வைத்திருக்கலாம், விற்கலாம். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எந்த நாட்டுக்குப் போனது என்று ஒவ்வொரு நாடும் வருடம் முடிந்து 90 நாட்களுக்குள் ஹேக் நகரிலுள்ள அமைப்புக்குச் சொல்ல வேண்டும். அந்த மொத்தக் கணக்கைக் கூட்டத்தான் உங்களிடம் கேட்கிறார்கள்.

யாரோ உங்களிடம் '30 டன்னுக்குக் கீழே என்றால் சொல்லத் தேவையில்லை' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பாதி சரி. 30 டன் என்பது மூன்றாம் அட்டவணை இரசாயனத்தை உற்பத்தி செய்யும் தொழிற்சாலைக்கான வரம்பு, வெளிநாட்டுப் பரிசோதகர்கள் வந்து பார்ப்பது 200 டன்னுக்கு மேல் உற்பத்தி செய்கிற இடங்களை. நீங்கள் அதை உற்பத்தி செய்யவே இல்லை, வாங்கிக் கலக்கிறீர்கள், ஆகவே ஹேக்கிலிருந்து யாரும் காத்தான்குடிக்கு இறங்கி வரப்போவதில்லை, காக்காவிடம் சொல்லுங்கள். ஆனால் நாட்டின் ஏற்றுமதி இறக்குமதிக் கூட்டுத்தொகை வேறு கணக்கு. பத்துப் பேரின் சின்னத் தொகைகளைக் கூட்டினால்தான் அது வரும், அதில் உங்கள் 4 டிரம்மும் ஒன்று. முடிந்த லோஷன் போத்தல்களைப் பற்றி யோசிக்க வேண்டாம், அதில் இருப்பது ஓரிரு சதவீதம், மூன்றாம் அட்டவணையில் 30 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள கலவைகள் இந்தக் கணக்கில் வருவதில்லை. டிரம்மாக வந்ததும் போனதும்தான் கேள்வி.

பதில் போடாமல் விடுவது என்பதை மறந்துவிடுங்கள். கேட்கச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதைவிட முக்கியம், உங்கள் கணக்கு உங்களிடம் மட்டும் இல்லை. இறக்குமதி செய்தபோது உங்கள் ஆட்கள் 2922.15 என்ற சுங்கக் குறியீட்டைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள், படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அது ட்ரைஎத்தனோலமைனுக்கு மட்டுமே உரிய குறியீடு. ஆக, 10 டிரம் வந்தது சுங்கத்துக்குத் தெரியும். லோஷனுக்கு 3 டிரம் முடிந்தது, ஸ்டோரில் 3 நிற்கிறது என்கிறீர்கள். மிச்சம் 4 எங்கே என்று சின்னப் பிள்ளையும் கேட்கும். அதோடு மாலைதீவும் சமவாயத்தில் உள்ள நாடு, அந்தப் பக்கம் வாங்கியவரும் 'இலங்கையிலிருந்து வந்தது' என்று எழுதியிருந்தால் இரண்டு நாட்டுக் கணக்கும் ஒரே மேசையில் சந்திக்கும். மறைத்து எழுதினீர்களானால், இன்று வெறும் கணக்காக இருப்பது நாளைக்குப் பொய்த் தகவல் என்று பெயர் மாறும். வழக்குகளில் நான் பார்த்தவரை, மனிதர்கள் மாட்டுவது பெரும்பாலும் செய்ததற்காக இல்லை, செய்ததை மூட எழுதியதற்காக.

எண்களை எழுதும்போது கவனம். உங்கள் பெக்கிங் லிஸ்டில் ஒரு டிரம் 232 கிலோ, நாலுக்கும் 928 கிலோ என்று தேறிய நிறை இருக்கிறது. சுங்கப் படிவத்தில் அதே நாலுக்கும் 1,004 கிலோ, அது வெறும் டிரம்மின் இரும்பையும் சேர்த்த நிறை. அமைச்சுக்கு 1,004 என்று எழுதினால் 76 கிலோ இரும்பையும் இரசாயனமாக அறிவித்தவராவீர்கள். 928 என்று எழுதுங்கள். பிறகு, டிரம்மின் லேபிளில் 85 என்றோ 99 என்றோ தூய்மை வீதம் இருக்கும் (நீங்கள் எடுத்த படத்தில் உங்கள் விரல் அதை மறைத்துவிட்டது), அதையும் பார்த்துப் பக்கத்தில் எழுதுங்கள். கழித்துப் பார்க்கும் வேலையை அவர்கள் செய்யட்டும். 102-71-6 என்ற காஸ் (CAS) இலக்கத்தையும், அதாவது இந்த இரசாயனத்துக்கு மட்டுமே உரிய சர்வதேச இலக்கத்தையும், சேர்த்தால் பெயரில் எழுத்துப் பிழை வந்தாலும் பொருளில் குழப்பம் வராது. 'ஏறக்குறைய', 'சுமார்' வேண்டாம். இன்வாய்ஸ், பெக்கிங் லிஸ்ட் பிரதிகளை இணைத்து, பணிப்பாளர் ஒருவர் கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்னால் ஒட்டி வையுங்கள்.

சிங்களத்தில் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கொழும்பு அலுவலகத்திடமிருந்தும் தமிழிலோ ஆங்கிலத்திலோ கடிதம் பெறவும் அதே மொழியில் பதில் எழுதவும் உங்களுக்கு உரித்து இருக்கிறது. தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள், ஆனால் அதைச் சாட்டாக வைத்துத் தவணையைத் தவறவிடாதீர்கள். விபரப் படிவத்தை மட்டும் ஆங்கிலத்தில் நிரப்புவது நல்லது, உரிமையை விட்டுக்கொடுப்பதற்காகச் சொல்லவில்லை, இரசாயனப் பெயர்களை யாராவது மொழிபெயர்க்கப் போய் வேறு பொருளாக்கிவிடக் கூடாது என்பதற்காக.

சரி, இனி அந்த 30 கேன்.

ஹைட்ரோகுளோரிக் அசிட் இரசாயன ஆயுதங்கள் சமவாயத்தில் இல்லை. அது இருப்பது வேறு பட்டியலில்: போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988 ஐ.நா. சமவாயத்தின் இரண்டாம் அட்டவணையில், அசிற்றோன், சல்பூரிக் அசிட், டொலுயீன் ஆகியவற்றோடு. போதைப்பொருள் தயாரிக்க உதவும் முன்னோடி இரசாயனங்கள் என்று சொல்வார்கள். இங்கே அதற்கு 2008ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், பார்ப்பது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. நீச்சல் தடாகத்துக்குத்தான் அனுப்பினேன் என்பது உண்மையாக இருக்கும், நம்புகிறேன், ஆனால் அது நீங்கள் அனுப்ப முன் சொல்லியிருக்க வேண்டிய உண்மை. அடுத்த முறை ஒரு கேன் அனுப்புவதென்றாலும் முதலில் அங்கே எழுத்தில் கேளுங்கள். இறக்குமதி செய்யும் நாட்டுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் முறை ஒன்றும் இந்த 1988 சமவாயத்தில் இருக்கிறது, அதை அரசு அரசுக்குச் செய்யும், நீங்கள் நேரே செய்ய முடியாது.

அதைவிட மோசம் அந்த ஒற்றை வரி. ஹைட்ரோகுளோரிக் அசிட் ஐ.நா. 1789 என்ற இலக்கத்தில் வரும், எட்டாம் வகுப்பு அரிக்கும் சரக்கு, கப்பலில் ஏற்ற முன் ஆபத்தான சரக்கு என்று அறிவித்தே ஆக வேண்டும். 'கிளீனிங் கெமிக்கல்ஸ்' என்றால் கப்பல்காரர் அதைத் துணி மூட்டைக்குப் பக்கத்திலும் அடுக்கிவிடுவார். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்ததே, அதில் 25 டன் நைத்திரிக் அமிலம் இருந்தது, ஒரு கொன்டெய்னரில் கசிவு இருந்தது முன்பே தெரிந்திருந்தது. கடற்கரை முழுக்கப் பிளாஸ்டிக் குருணி ஒதுங்கி, மீன் வாங்க ஆளில்லாமல் கிடந்த அந்த நாட்களுக்குப் பிறகு, அசிட்டை வேறு பெயரில் ஏற்றியதைச் சின்ன எழுத்துப் பிழை என்று எந்த அதிகாரியிடமும் சொல்லித் தப்ப முடியாது.

வார்ஃப் கிளார்க் போட்டது, எனக்குத் தெரியாது என்பீர்கள். பிழையான விபரம் கொடுப்பது சுங்கக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம், ஏற்றுமதியாளர் என்ற கட்டத்தில் இருப்பது உங்கள் கம்பனியின் பெயர். அவரோடு நடந்த வட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், நீங்கள் பொருட்களின் பெயரைச் சரியாகக் கொடுத்திருந்தால் அதுதான் உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே காகிதம். அவரிடமிருந்து சுங்கப் படிவத்தின் முழுப் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை பிடிக்க முன் வாங்குங்கள்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். அமைச்சுக்குப் போகும் பதிலில் ட்ரைஎத்தனோலமைன் மட்டும், அவர்கள் கேட்டது அதைத்தான், அசிட் கதையை அதில் கொட்டி அழ வேண்டாம். அதே கிழமை, அதற்கு முதல் நாளே முடிந்தால் இன்னும் நல்லது, சுங்கத்துக்குத் தனிக் கடிதம்: இந்த இலக்கப் படிவத்தில் பொருள் விபரம் பிழையாகப் போயிருக்கிறது, சரியான விபரம் இது, ஆவணங்கள் இவை, திருத்த அனுமதியுங்கள் என்று. இரண்டு கடிதத்திலும் 928தான் இருக்க வேண்டும். அவர்கள் கண்டுபிடித்து அழைப்பதற்கும் நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் தண்டப் பணத்தில் மட்டுமல்ல, விசாரணை மேசையில் உங்களை இருத்தும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. அந்தச் சுங்கக் கடிதத்தை நீங்களாக எழுதாதீர்கள், சுங்க வேலை பழகிய சட்டத்தரணி ஒருவர் பார்த்த பிறகு போகட்டும். வாக்குமூலத்துக்கு அழைத்தால் தனியே போகவும் வேண்டாம், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையொப்பம் வைக்கவும் வேண்டாம். அங்கே கையொப்பமிட்டது உங்களுக்கு எதிராகத் திரும்பி வரும்.

டுபாய்க்காரருக்கு இப்போது எதுவும் அனுப்பாதீர்கள். ஐக்கிய அரபு இராச்சியம் இரசாயன ஆயுதங்கள் சமவாயத்தில் இருக்கிறது, அது பிரச்சினை இல்லை, ஆனால் 20 டிரம் கடைசியில் எங்கே இறங்கும் என்று அவர் சொல்லவில்லையே. எகிப்து, வட கொரியா சேரவில்லை, இஸ்ரேல் கையொப்பமிட்டும் உறுதிப்படுத்தவில்லை, அப்படிப்பட்ட நாட்டுக்குப் போவதென்றால் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. பாவிப்பவர் யார், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையான ஆள் ஒரு நாளில் பதில் போடுவார்.

மனைவியின் பெயர். கம்பனிப் பதிவாளருக்குப் படிவம் 20 போட்டால் எடுத்துவிடலாம், அது பெரிய வேலை இல்லை. ஆனால் சரக்குப் போன நாளில் யார் பணிப்பாளர் என்றுதான் பார்ப்பார்கள், இன்று எடுத்தாலும் அந்த நாள் மாறாது, கடிதம் கிடைத்த கிழமையே ஒரு பெயர் காணாமல் போனால் இல்லாத சந்தேகத்தையும் நீங்களே உண்டாக்கியதாகிவிடும். அவர் ஏற்றுமதி வேலையில் தலையிடவே இல்லை என்றால் அது அவருக்கு உண்மையான எதிர்வாதம், வங்கிக் கையொப்பம், மின்னஞ்சல் எல்லாம் உங்களதும் காக்காவினதும் பெயரில்தானே இருக்கிறது, அவற்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பெயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாளைக்குக் காலையில் லேபிளை மட்டும் விரல் படாமல் திரும்ப ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.