மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்குகிறது, அக்குளில் எரிகிறது. அம்மா இனி நடவுக்குப் போகலாமா?

அறுவை முடிந்து பத்து மாதம், ஒரு மாதமாக அந்தக் கையில் வளையல் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா வயலுக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால், இந்த வாரமே கையைக் காட்டிவிடுங்கள்.

இதற்கு நிணநீர் வீக்கம் (லிம்பெடீமா) என்று பெயர். கையில் ஊறும் நிணநீரை வடித்து அனுப்பும் அக்குள் முடிச்சுகளை எடுத்ததாலும், கதிர்வீச்சாலும் வருவது இது. வயலை நினைத்துக்கொள்ளுங்கள்: பாசன வாய்க்காலில் தண்ணீர் வழக்கம்போல வருகிறது, வடிகால்தான் தூர்ந்துவிட்டது. சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை இதற்குக் கேட்காது. தேங்கியதில் புரதமும் இருக்கிறது. அது அங்கேயே நின்று நீரை மறுபடி இழுக்கும். யானைக்காலைப் பார்த்துப் பழகிய நம் பக்கத்தில் சிலர் இதையும் அதுவென்று நினைத்துப் புழு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். அதுவும் வேண்டாம்.

முதலில் அளந்து பாருங்கள். தையல் டேப் போதும். மணிக்கட்டிலிருந்து மேலே 10 செ.மீ.க்கு ஒரு பேனாப் புள்ளி வைத்து, இரண்டு கையையும் டேப்பை இறுக்காமல் அளந்து நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை, காலையில், அதே நேரத்தில். எங்காவது மற்றக் கையைவிட 2 செ.மீ. கூடுதலாக இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தினால் குழி விழுகிறதா? அப்படியென்றால் இன்னும் நன்றாக வடியக்கூடிய கட்டம். தோல் தடித்துக் குழியே விழாமல் போய்விட்டால் குறைப்பது கஷ்டம். முழுதாகத் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது, கட்டுக்குள் வைக்கலாம்.

அதிகம் தப்பு நடப்பது கட்டுப் போடுவதில்தான். மருந்துக் கடையில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் ரப்பர் போல இழுபடும். கை சும்மா இருக்கும்போதும் அழுத்தி, இறுகிய இடத்துக்குக் கீழே வீங்க வைக்கும். இதற்கு வேண்டியது குறைவாக இழுபடும் ஷார்ட் ஸ்ட்ரெட்ச் பேண்டேஜ். அடியில் பஞ்சு வைத்து, விரலிலிருந்து மேல்நோக்கி, கீழே இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், இது தெரிந்த பிசியோதெரபிஸ்ட் யார் என்று கேளுங்கள். சில வாரத்தில் வீக்கம் வடிந்த பிறகுதான் கம்ப்ரெஷன் ஸ்லீவுக்கு (கையை அழுத்திப் பிடிக்கும் உறைக்கு) அளவு கொடுக்க வேண்டும். வீங்கிய கைக்கு வாங்கினால் சீக்கிரமே தொளதொளத்துவிடும். பெரும்பாலும் 20–30 மி.மீ. பாதரச அழுத்தம் கொடுப்பார்கள். காலையில் போட்டு இரவில் கழற்ற வேண்டும். மேல் விளிம்பை மடித்துவிடக் கூடாது, கயிறு கட்டியது போல் ஆகிவிடும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்றுங்கள்.

நல்லெண்ணெய் ஊற்றி அழுத்தித் தேய்ப்பது, சூடாக ஒத்தடம் இரண்டும் கெடுதல். நிணநீர் மசாஜ் என்பது தோல் மட்டும் நகரும் அளவு மென்மையானது.

எரிச்சல் வேறு விஷயம். மேல்கையின் உள்பக்கம் மரத்து, ரவிக்கை பட்டாலே சுரீர் என்றால் அது நரம்பு வலி. அக்குள் வழியாகப் போகும் நரம்பு அறுவையில் அடிபட்டிருக்கும். பாராசிட்டமால் பெரிதாகக் கேட்காது. காபாபென்டின், பிரிகாபலின், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் போன்றவை டாக்டர் சொல்லி எடுப்பவை. இதே வலிக்கு டுலாக்செடின் எழுதினால், புற்றுநோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் டாமாக்சிபென் மாத்திரையை அம்மா சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள். டாமாக்சிபென்னின் வேலையை டுலாக்செடின் குறைக்கக்கூடும். கையைத் தூக்கும்போது அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு மாதிரி இழுத்தால், சுவரில் விரலால் மெல்ல ஏறும் பயிற்சி, பத்து முறை, தினம் இரண்டு மூன்று வேளை. சில மாதத்தில் பெரும்பாலும் விட்டுவிடும்.

கையைச் சும்மா வைத்தால் தோள் இறுகும், வீக்கமும் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் கூட்டுங்கள். நடவில் கை தொங்கியபடியே இருப்பதால் அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, கையை உயர்த்தி, விரலை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். தண்ணீர்க் குடம் மறு இடுப்புக்கு. நெற்பயிரின் இலை கிழித்த கீறலைக்கூட உடனே சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, மருந்து தடவ வேண்டும். விரலிடுக்கில் சேறும் ஈரமும் தங்கக் கூடாது.

கை சிவந்து, சூடேறி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி; ஆன்டிபயாடிக் வேண்டும், டாக்டர் சொல்லும்வரை கட்டும் மசாஜும் நிறுத்தம். வீக்கம் திடீரென்று ஏறினாலோ, புது இடத்தில் வலித்தாலோ, விரலில் பலம் குறைந்தாலோ, ரத்தக் கட்டியா, நோய் திரும்புகிறதா என்று ஸ்கேனில் பார்த்தே ஆக வேண்டும்.