சாய்வெழுத்து மட்டும் காணாமல் போகிறது: கட்டணப் பதிப்பு வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் தோட்டக்கலை இணையதளத்தில் கட்டுரை எழுதப் பயன்படுத்திய பழைய எடிட்டரை எடுத்துவிட்டு சிகேஎடிட்டர் 5 பொருத்தினோம். தடித்த எழுத்து நிற்கிறது. சாய்வெழுத்து மட்டும் சேமித்ததும் சாதாரண எழுத்தாகிவிடுகிறது. கட்டண உரிமம் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் தளத்தை அமைத்துத் தந்தவர். வாங்கலாமா?

பதில்: இதற்காக வாங்காதீர்கள். கட்டணம் கட்டினாலும் இந்தக் கோளாறு அப்படியேதான் இருக்கும். இலவசப் பதிப்பிலும் கட்டணப் பதிப்பிலும் போல்டு, இட்டாலிக் பகுதிகள் ஒன்றேதான்.

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் ஒரே தோற்றத்துக்கு இரண்டு டேக்குகள் (குறிச்சொற்கள்) உண்டு. தடித்த எழுத்துக்கு 'ஸ்ட்ராங்' (strong), 'பி' (b). சாய்வுக்கு 'இஎம்' (em), 'ஐ' (i). எதை உள்ளே கொடுத்தாலும் சிகேஎடிட்டர் 5 தன் வழக்கப்படி ஒன்றைத்தான் வெளியே தரும். தடித்ததற்கு 'ஸ்ட்ராங்', ஆனால் சாய்வுக்கு 'ஐ'. இந்தச் சீரின்மையில்தான் பலரும் இடறுகிறார்கள். சேமிக்கும் உரையில் அனுமதியில்லாத டேக்குகளை நீக்கும் வடிகட்டி ஒன்று உங்கள் சர்வரில் இருக்கும். அதன் அனுமதிப் பட்டியலில் 'ஸ்ட்ராங்', 'இஎம்' இரண்டும் இருந்து, 'ஐ' விடுபட்டிருக்கும். அதனால் டேக்கை நீக்கிவிட்டு உள்ளிருக்கும் சொல்லை மட்டும் விட்டுவைக்கிறது.

உறுதிசெய்ய ஒரு நிமிடம் போதும். ஒரு சொல்லைச் சாய்வாக்குங்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு சேமியுங்கள். அனுப்பப்படும் உரையில் 'ஐ' இருந்து, பக்கத்தை மறுபடி திறக்கும்போது இல்லையென்றால் குற்றவாளி சர்வர் வடிகட்டிதான். பட்டியலில் 'ஐ'யைச் சேர்க்கும்படி தளத்தை அமைத்தவரிடம் சொல்லுங்கள். வடிவமைப்புக் கோப்பில் 'இஎம்'முக்கு மட்டும் நிறமோ எழுத்துருவோ கொடுத்திருந்தால், அதை 'ஐ'க்கும் கொடுக்க வேண்டும். பழைய கட்டுரையைத் திருத்திச் சேமித்தாலே அதிலுள்ள 'இஎம்' எல்லாம் 'ஐ' ஆகிவிடும்.

எல்லாச் சாய்வெழுத்தையும் 'இஎம்' ஆக மாற்றிவிடலாமே என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'இஎம்' என்பது அழுத்திச் சொல்வதற்கு. வேம்புக்கு அசாடிராக்டா இண்டிகா என்று அறிவியல் பெயர் எழுதும் உங்கள் தளத்துக்கு 'ஐ'தான் பொருத்தம்.

கேள்வி: வேறு எடிட்டர் வாங்குவதாக இருந்தால் எதைச் சோதித்துப் பார்ப்பது?

பதில்: கூகுள் டாக்ஸிலிருந்து இரண்டு பத்தி நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். அது நகலெடுத்த உரை முழுவதையும் ஒரு 'பி' டேக்குக்குள் வைத்து, 'எழுத்துத் தடிமன் நார்மல்' என்ற ஸ்டைலையும் சேர்த்து அனுப்பும். ஸ்டைலை நீக்கிவிட்டு 'பி'யை 'ஸ்ட்ராங்' ஆக்கும் அவசர வடிகட்டியில் கட்டுரை முழுவதும் தடித்துவிடும். சிகேஎடிட்டர் 5 இந்த உறையைக் கழற்றிவிடுகிறது.

குறுக்கே கோடிட்டு அடித்த எழுத்தையும் பாருங்கள். அதற்கான டேக்குகளில் 'ஸ்ட்ரைக்' (strike) வழக்கொழிந்தது, அதை 'எஸ்' (s) ஆக மாற்றுவது சரி. 'டெல்' (del) அப்படியல்ல, அது திருத்தத்தில் நீக்கப்பட்டதைக் குறிப்பது. அதையும் சிகேஎடிட்டர் 5 'எஸ்' ஆக்கிவிடும். திருத்த வரலாறு காட்டும் தளத்துக்கு இது நட்டம்.

டைனிஎம்சிஇ என்ற இன்னொரு எடிட்டரில், எந்த டேக்குகளை ஏற்பது என்று சொல்லும் 'வேலிட் எலிமென்ட்ஸ்' அமைப்பில் 'ஸ்ட்ராங்', சாய்கோடு, 'பி' என்று எழுதினால் 'பி' வந்த இடத்தில் 'ஸ்ட்ராங்' வரும். நீங்களே தீர்மானிக்கலாம் என்பது இதன் வசதி. உரிமத்தை மட்டும் கவனியுங்கள்: 6ஆம் பதிப்பு தாராளமான எம்ஐடி உரிமம், 2024இல் வந்த 7ஆம் பதிப்பு, அதைச் சேர்த்து வெளியிடும் மென்பொருளின் மூலநிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமம். மூலநிரலை வெளியிடாமல் தங்கள் மென்பொருளோடு சேர்த்து விநியோகிப்பவர்களுக்குக் கட்டண உரிமம் தேவைப்படலாம்.