இயல்பூக்கமும் உள்ளுணர்வும் ஒண்ணா?

கேள்வி: பையனோட சயின்ஸ் புக்ல 'இயல்பூக்கம்'னு வருது, டிவியில அதையே 'உள்ளுணர்வு'ன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானா, எதை எங்க போடணும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒண்ணு இல்லீங்க. இந்த ரெண்டையும் மாத்தி மாத்தி போடறத பார்த்தா எனக்கு மனசுக்கு கஷ்டமாவே இருக்கும், ஏன்னா இயல்பூக்கம் அவ்ளோ அழகான வார்த்தை. இயல்பும் ஊக்கமும் சேர்ந்தது. இங்க ஊக்கம்னா ஊக்கப்பரிசுல வர்ற ஊக்கம் இல்ல, உந்தி விடறது. கலித்தொகையில ஊஞ்சல்ல இருக்கற பொண்ணு "ஐய, சிறிது என்னை ஊக்கி"ன்னு கேப்பா, கொஞ்சம் ஆட்டி விடுங்கன்னு அர்த்தம். அப்படி பிறக்கும்போதே உள்ள இருந்து தள்ளி விடறதுதான் இயல்பூக்கம், யாரும் சொல்லித் தர்றதில்ல.

சென்னை பெசன்ட் நகர் பீச்சுல மார்ச், ஏப்ரல்ல பங்குனி ஆமைக் குஞ்சுங்கள கடல்ல விடுவாங்க, ஒரு தடவை போய் பாருங்க. தாய் ஆமை ராத்திரி கரையேறி குழி தோண்டி 100 முட்டை கிட்ட போட்டு மண்ணை மூடிட்டு போயிடும், குஞ்சை அது பார்க்கறதே இல்ல. 45 நாளுக்கு மேல ஆகி வெளிய வர்ற குஞ்சு ஒரு பிஸ்கட் அளவுதான், ஈர மணல்ல துடுப்புக் காலை மாத்தி மாத்தி போட்டு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். ராத்திரியில கடல் பக்கம்தான் வெளிச்சம்னு இருந்த வரைக்கும் அது சரியா போச்சு, இப்ப ரோட்டு லைட்டை பார்த்து ஊருக்குள்ள திரும்பிடுது. அது தப்பான லைட்னு அதுக்கு யோசிக்கத் தெரியாது, உள்ள தள்ளுது, போகுது. அதனாலதான் 1988ல இருந்து மாணவருங்க ராத்திரி கரையோரமா நடந்து முட்டைகள எடுத்து வேலிக்குள்ள புதைச்சு காப்பாத்தறாங்க.

உள்ளுணர்வு அப்படி இல்ல, பெரும்பாலும் அனுபவத்துல ஊறி வர்றது. 30 வருஷம் பிரசவம் பார்த்த நர்ஸம்மா, ரிப்போர்ட் எல்லாம் நார்மலா இருந்தும் 'இந்தப் பொண்ண இன்னைக்கு வீட்டுக்கு அனுப்ப வேணாம்'னு சொன்னா அது உள்ளுணர்வு. தோசைக்கல்லுல பட்ட கை வெடுக்குன்னு பின்னால வந்தா அனிச்சைச் செயல். பைக் ஓட்டும்போது கால் தானா பிரேக்குக்கு போறது வெறும் பழக்கம். 'அவருக்கு சமையல் இயல்பூக்கமா வருது'ன்னும் எழுதாதீங்க, அதுக்கு கைவந்த கலைன்னு நல்ல சொல்லே இருக்கு.

பையனுக்கு சொல்லும்போது, 'மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துத் தரணுமா'ன்னு வீட்ல பாட்டி கேப்பாங்கல்ல, அதுல இருந்து ஆரம்பிங்க, டக்குன்னு பிடிச்சுக்குவான்.