ஸ்வீடன் நாட்டுத் துப்பறியும் நாவல் நூறு பக்கம் தாண்டியும் நகரவில்லை. தொடர்ந்து படிக்கலாமா, வைத்துவிடலாமா?

தொடர்ந்து படியுங்கள். நாவலின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் கால்வாயில் கிடைத்த பெண்ணின் சடலம், எப்போதும் சளியும் வயிற்றுக் கோளாறுமாக அலையும் துப்பறிவாளர், நூறு பக்கம் ஆகியும் ஒரு கைதுகூட இல்லை என்றெல்லாம் எழுதியிருப்பதிலிருந்து, அது மாய் ஷோவாலும் பேர் வாலோவும் சேர்ந்து எழுதி 1965இல் வெளிவந்த ‘ரோஸானா’வாகத்தான் இருக்க வேண்டும். தூங்கப் போகும் முன் கைப்பேசியில் சில பக்கங்கள் என்ற கணக்கில் படிக்கிறீர்கள் என்றும், இதற்கு முன் நீங்கள் படித்தவை அத்தியாயத்துக்கு ஒரு திருப்பம் வைக்கும் அமெரிக்க நாவல்கள் என்றும் ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் குற்றவியல் நீதிமன்றம் ஒன்றில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும், என் பணிக்காலத்தையே யாரோ சொன்னது போல் இருந்தது. பதில் நீளமாகப் போவதற்கு அதுதான் காரணம்.

அந்த நூறு பக்கங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யோத்தா கால்வாய் 190 கிலோமீட்டர் நீளமும் கப்பல்களை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் 58 மதகு அடைப்புகளும் கொண்டது. மோத்தாலா ஊருக்கு அருகே, போரென்ஸ்ஹுல்ட் அடைப்பில் தூர்வாரும்போது சேற்றோடு சேர்ந்து உடல் மேலே வருகிறது. மாதம் ஜூலை, நடுக்கோடை. (ஸ்காண்டிநேவியக் குற்றக் கதை என்றாலே பனியும் இருட்டும்தான் என்று எழுதும் மதிப்புரையாளர்கள் இந்த முதல் அத்தியாயத்தையாவது படித்திருக்கலாம்.) உடலில் துணியில்லை, அடையாளமில்லை, காணாமல் போனதாக எவரும் புகார் தரவில்லை. ஸ்டாக்ஹோமிலிருந்து துப்பறிவாளர் மார்ட்டின் பெக் வருகிறார், பார்க்கிறார், கையில் ஒன்றும் சிக்காமல் திரும்பிப் போகிறார். பிறகு அவள் பயணம் செய்த கப்பல் எது என்று தெரியவருகிறது. அதில் இருந்த 85 பேரும் நான்கு கண்டங்களுக்குக் கலைந்து போயிருக்கிறார்கள். கடிதம், தந்தி, தொலைபேசி ஆகியவற்றை விட்டால் அவர்களைத் தேட வேறு வழியில்லாத காலம் அது. பதில் வர எத்தனை நாள் ஆகிறதோ, அத்தனை நாளும் கதையும் காத்திருக்கிறது. ‘சாட்சிக்குச் சம்மன் சார்வாகவில்லை, வாய்தா’ (அழைப்பாணை போய்ச் சேரவில்லை, விசாரணை தள்ளிவைப்பு) என்று டைரியில் எழுதி எழுதிக் கை தேய்ந்த எனக்கு, இந்தக் காத்திருப்பைக் கதைக்குள் கொண்டுவர இரண்டு எழுத்தாளர்கள் துணிந்தார்கள் என்பதே பெரிய விஷயமாகப் பட்டது.

நீங்கள் நிறுத்திய இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது என்று நினைக்கிறேன். இறந்தவள் அமெரிக்காவின் லிங்கன் நகரத்தைச் சேர்ந்தவள் என்று தெரிந்த பிறகு (இதைப் பின்னட்டையிலேயே அச்சிட்டுவிடுகிறார்கள், ஆகவே என்னைக் கோபிக்க வேண்டாம்), அந்த ஊர்க் காவல் அதிகாரி காஃப்கா என்பவர் அவளோடு பழகியவர்களை விசாரித்து அனுப்பும் பதிவுகள் கேள்வியும் பதிலுமாக அப்படியே தரப்படுகின்றன. பதற்றத்தோடு சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டான் என்ற வருணனையெல்லாம் அங்கே ஆசிரியர்கள் குறுக்கே வந்து தருவதில்லை. ஆனாலும் பதில் சொல்பவர் எப்படிப்பட்டவர், இறந்தவளோடு அவருக்கு என்ன மனத்தாங்கல் அல்லது எவ்வளவு பிரியம் என்பது வரிக்கு வரி விளங்கிவிடுகிறது.

நம் நீதிமன்றங்களில் சாட்சியம் பெரும்பாலும் இப்படிப் பதிவாவதில்லை. வழக்கறிஞர் கேட்ட கேள்வி மறைந்துபோய், சாட்சி தாமாகவே முன்வந்து சொன்னது போல வாக்கியமாக மாறிவிடும். குறுக்கு விசாரணையில் ‘நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல’, ‘எதிரி மீதுள்ள விரோதத்தால் பொய் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல’ (எதிரி என்றால் நீதிமன்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்) என்று பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். கேள்வி எப்படி வந்தது, சாட்சி எங்கே தடுமாறினார், எப்போது தண்ணீர் கேட்டார் என்பதெல்லாம் காகிதத்தில் ஏறாது. நீதிபதி விரும்பினால் கேள்வி பதிலாகவே பதியலாம் என்று சட்டத்தில் இடமுண்டு. அபூர்வமாக அப்படிச் செய்வார்கள். ஒருமுறை ஒரு மூதாட்டியிடம், ‘எதிரியை உமக்கு எத்தனை காலமாகத் தெரியும்?’ என்று கேட்டபோது, ‘அவன் பிறந்த அன்றைக்கு நான்தான் தொட்டில் கட்டினேன்’ என்று பதில் வந்தது. நீதிபதி சற்று யோசித்துவிட்டு, கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதச் சொன்னார். வாக்கியமாக மாற்றியிருந்தால் ‘எதிரியை எனக்குச் சிறு வயது முதல் தெரியும்’ என்று அந்தக் கட்டோடு கட்டாக அது போயிருக்கும். காஃப்காவின் பதிவுகளைப் படித்தபோது எனக்கு அந்த மூதாட்டிதான் நினைவுக்கு வந்தார்.

என் மனைவியின் தம்பி தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். நாவல் படிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. இந்தப் புத்தகத்தை நான் விடாமல் கையில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கதை கேட்டார். மாலை நடையில் பகுதி பகுதியாகச் சொன்னேன். கப்பலில் வந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த புகைப்படங்களையும் சிறு படச்சுருள்களையும் நாடு நாடாகக் கேட்டு வாங்கி, இருட்டறையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கும் இடத்தில் அவர் நடையை நிறுத்திவிட்டார். “இதை எழுதினவங்க ஸ்டேஷன் பக்கம் போயிருக்காங்க, அத்தான்” என்றார். இருவருமே பத்திரிகையாளர்கள் என்று சொன்னேன். ஒரு குறையும் சொன்னார்: “மாசக்கணக்கா ஒரே கேஸையே பார்க்கிறாரே, அந்த ஊர்ல திருவிழா பந்தோபஸ்து, மந்திரி வருகை ஒண்ணும் கிடையாதா?”

இதைப் படித்துவிட்டு, ‘தமிழில் துப்பறியும் கதைகளே இல்லையா, வெளிநாட்டு மோகம்’ என்று யாராவது எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மாத நாவல்களைப் பேருந்து நிலையக் கடைகளில் வாங்கிப் படித்து வளர்ந்தவன் நான். அவற்றைக் குறைத்துப் பேசுபவர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன். ஒரே பயணத்தில் படித்து முடிக்க வேண்டிய கதைக்கு வேகம் வேண்டும், அதில் தவறில்லை. ஷோவாலும் வாலோவும் வேறொன்றுக்குத் திட்டமிட்டார்கள். 1965 முதல் 1975 வரை பத்து நாவல்கள், ஒவ்வொன்றிலும் முப்பது அத்தியாயங்கள், எல்லாவற்றுக்கும் ‘ஒரு குற்றத்தின் கதை’ என்ற பொதுவான துணைத் தலைப்பு. பத்தையும் ஒரே நாவலாகத்தான் அவர்கள் எண்ணியிருந்தார்கள். இருவரும் இடதுசாரிகள், மக்கள்நல அரசு என்று உலகம் புகழ்ந்த ஸ்வீடனின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட, ஒரு காவல் அலுவலகத்தின் அன்றாட வேலையைக் கருவியாக எடுத்துக்கொண்டார்கள். அந்த அரசியல் முதல் நாவலில் லேசாகத்தான் தெரியும், போகப் போகக் கூர்மையாகும். கடைசி நாவல்களில் எனக்குச் சற்று அதிகமாகவே பட்டது.

வரிசை என்றதும் என் நெடுநாள் ஆதங்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடர் நாவல்களை ஆங்கிலப் பதிப்பாளர்கள் மனம்போன வரிசையில் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். நார்வேயின் ஜோ நெஸ்போ எழுதிய ஹாரி ஹோல் வரிசையில் ஐந்தாவது நாவலான ‘தி டெவில்ஸ் ஸ்டார்’ ஆங்கிலத்தில் முதலில், 2005இல் வந்தது. மூன்றாவதான ‘தி ரெட்பிரெஸ்ட்’ 2006இல், நான்காவதான ‘நெமிசிஸ்’ 2008இல். மூன்றிலும் ஒரே சதி தொடர்ந்து ஓடி ஐந்தாவதில்தான் அவிழ்கிறது. கடையில் கிடைத்ததை வாங்கிப் படித்தவன், யார் குற்றவாளி என்று தெரிந்துகொண்ட பிறகு அவர் நல்லவராக நடமாடும் இரண்டு தடித்த புத்தகங்களைப் படிக்க நேர்ந்தது. முதல் நாவலான ‘தி பேட்’ நார்வேயில் 1997இல் வந்தது. அது ஆங்கிலத்துக்கு வர 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாசகர்கள் இதற்காகப் பெரிதாகச் சண்டை பிடித்ததாகவும் தெரியவில்லை. நல்லவேளையாக நீங்கள் எடுத்திருப்பது அதன் வரிசையில் முதல் புத்தகம்.

ஆகவே, கைப்பேசியை விட்டு, அச்சுப் பிரதி கிடைத்தால் விடுமுறை நாளில் ஒரே மூச்சாக உட்கார்ந்து, காஃப்காவின் விசாரணைப் பதிவுகளையும் அந்தப் படச்சுருள் ஓடும் அத்தியாயத்தையும் தாண்டிப் பாருங்கள். அதன் பிறகும் அலுப்பாக இருந்தால் வைத்துவிடுங்கள், அடுத்த ஒன்பதையும் தொட வேண்டியதில்லை.