பிஎச்பி செயலிக்கு பீஹாட்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பிஎச்பியூனிட்டில் ஏற்கெனவே நிறைய டெஸ்ட் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு மேல் பீஹாட் எதற்கு?

இரண்டும் வேறு வேறு வேலைக்கு. பிஎச்பியூனிட் செயலியின் சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் கருவி. பீஹாட், செயலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சாதாரண வாக்கியங்களில் 'காட்சிகளாக' எழுதி, அவற்றையே ஓட்டிப் பார்க்கும் கருவி. ஒரு கிளாஸ் சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று பிஎச்பியூனிட் சொல்லிவிடும். ஆனால் "பேருந்து கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், அதற்குப் பிறகு பாதிதான்" என்ற விதியை நீங்களும் டிக்கெட் விற்பவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. சரியாக 24 மணி நேரம் மிச்சமிருக்கும்போது ரத்து செய்தால் என்ன ஆகும்? பேருந்தே தாமதமாகக் கிளம்பினால் எந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுவது? இந்தக் கேள்விகள் கோட் எழுதுவதற்கு முன்னால் வரவேண்டும், அவை வருவதற்குத்தான் காட்சிகளை எழுதுகிறோம். பிடிடி (நடத்தையை வைத்து மென்பொருள் உருவாக்கும் முறை) என்பதைத் தொடங்கிய டான் நார்த், 'டெஸ்ட்' என்ற சொல் ஆட்களைக் குழப்புகிறது என்று 'நடத்தை' என்று பேசத் தொடங்கியதும் இதை ஒட்டித்தான். அப்படி உட்கார்ந்து பேச யாரும் வரப்போவதில்லை, டெவலப்பர்களே எழுதி டெவலப்பர்களே படிக்கப்போகிறீர்கள் என்றால் பீஹாட் வேண்டாம், பிஎச்பியூனிட்டே போதும்.

எங்கிருந்து தொடங்குவது? மிங்க், செலினியம், குரோம் எல்லாம் முதல் நாளே வேண்டுமா?

வேண்டாம். மிங்க், செலினியம் இரண்டும் பிரவுசரைக் கோட் வழியாக இயக்குவதற்கானவை. பிஎச்பி பேக்கேஜ்களை நிறுவும் கம்போசரில் டெவ் பேக்கேஜாக பீஹாட்டைச் சேர்த்து, இனிட் கட்டளை கொடுத்தால் ஃபீச்சர்ஸ் ஃபோல்டரும் அதற்குள் ஒரு கான்டெக்ஸ்ட் கிளாஸும் வந்துவிடும். காட்சியின் ஒவ்வொரு வரிக்கும், அதாவது ஸ்டெப்புக்கும், உரிய கோட் அந்தக் கிளாஸில்தான் இருக்கும். முதல் காட்சியை பிரவுசர் இல்லாமலே, உங்கள் சர்வீஸ் கிளாஸை நேரடியாகக் கூப்பிட்டு ஓட வையுங்கள். பணம் திருப்பும் விதிக்கு பிரவுசர் எதற்கு? பக்கத்தில் பட்டன் இருக்கிறதா, அழுத்தினால் வேலை செய்கிறதா என்று பார்க்க நாலைந்து காட்சிகள் போதும், அவற்றுக்கு மட்டும் மிங்க் வரட்டும். மிங்கை பீஹாட்டோடு இணைக்கும் மிங்க் எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கும்போது பழைய பேக்கேஜை எடுக்காதீர்கள், இப்போது பராமரிப்பில் இருப்பது ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பீஹாட் குழுவினுடையது.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் டிரான்சாக்‌ஷன் தொடங்கி, முடிந்ததும் ரோல்பேக் செய்கிறேன். செலினியத்தில் ஓட்டினால் நான் சேர்த்த பயணி பக்கத்தில் தெரியவே மாட்டேன் என்கிறார்.

தெரியாதுதான். உங்கள் டெஸ்ட் ஓடுவது ஒரு பிராசஸில். பிரவுசர் போய்க் கேட்பது வெப் சர்வரை, அது வேறு பிராசஸ், வேறு டேட்டாபேஸ் கனெக்‌ஷன். நீங்கள் கமிட் செய்யாமல், அதாவது டேட்டாபேஸில் நிரந்தரமாகப் பதியாமல், வைத்திருப்பது அதன் கண்ணில் படாது. சிம்ஃபனி ஃபிரேம்வொர்க்கின் கெர்னலை, உண்மையான பிரவுசர் இல்லாமல் அதே பிராசஸுக்குள் ஓட்டும் பிரவுசர்கிட் டிரைவரில், கனெக்‌ஷன் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ரோல்பேக் வழி நன்றாகவே வேலை செய்யும், வேகமும் கிடைக்கும். உண்மையான பிரவுசர் என்றால் அந்த வழியை விட்டுவிட்டு, காட்சி தொடங்கும் முன் டேபிள்களைக் காலி செய்து வேண்டிய தரவை நிரப்பி கமிட் செய்யுங்கள். முடிந்த பிறகு சுத்தம் செய்வதைவிடத் தொடங்கும் முன் செய்வது நல்லது. காட்சி பாதியில் விழுந்தால், டேபிளைத் திறந்து என்ன இருந்தது என்று பார்க்க முடியும்.

காட்சிகளைத் தமிழில் எழுத முடியுமா? எங்கள் வாடிக்கையாளருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

முடியும், எழுதவும் வேண்டும். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஃபீச்சர் கோப்பின் முதல் வரியில் மொழி தமிழ் என்று குறித்துவிட்டால் கெர்கின் (காட்சிகளை எழுதும் மொழி) 'அம்சம்', 'பின்னணி', 'காட்சி' எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும். சிக்கல் ஸ்டெப்களுக்கான சொற்களில்தான். ஆங்கிலத்தின் கிவன், வென், தென் ஆகியவற்றுக்கு 'கொடுக்கப்பட்ட', 'எப்போது', 'அப்பொழுது' என்று வைத்திருக்கிறார்கள். ஆங்கில வாக்கியத்தில் நிபந்தனைச் சொல் முன்னால் வரும், நமக்கு அது வினைச்சொல்லின் கடைசியில் '-ஆல்' என்று ஒட்டிக்கொண்டு வரும். அதனால் 'எப்போது பயணி ரத்து செய்கிறார்' என்று எழுதினால் படிப்பவருக்கு அது கேள்வியாகவே கேட்கும். நான் செய்வது, அந்தச் சொற்களை விட்டுவிட்டு ஒவ்வொரு ஸ்டெப்பையும் நட்சத்திரக் குறியில் தொடங்குவது. கெர்கின் அதை ஏற்கும்.

காட்சி: கிளம்ப 30 மணி நேரம் இருக்கும்போது ரத்து
\* சீட்டின் விலை "500" ரூபாய்
\* பேருந்து கிளம்ப இன்னும் "30" மணி நேரம் இருக்கிறது
\* பயணி சீட்டை ரத்து செய்கிறார்
\* பயணிக்குத் திரும்பக் கிடைக்கும் தொகை "500" ரூபாய்

மாறும் மதிப்பில் வேற்றுமை உருபு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'கமலாவுக்கு', 'முருகனுக்கு' என்று எழுதினால் ஒரே ஸ்டெப்புக்குள் இரண்டையும் பிடிப்பது பெரும்பாடு. 'பயணி "கமலா" என்பவருக்கு' என்று பிரித்து எழுதினால் தீர்ந்தது. ஸ்டெப்பின் வாக்கியத்தைப் பிடிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுபவர்கள் கடைசியில் யூனிகோடுக்கான யூ (u) குறியை மறக்காதீர்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கங்களில் சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில். ஸ்லீப் 3 என்று போட்டும் தீரவில்லை.

ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள். மிங்க் செஷனில் வெயிட் இருக்கிறது, அதிகபட்சம் எத்தனை மில்லிசெகண்ட், எந்த ஜாவாஸ்கிரிப்ட் நிபந்தனை உண்மையாகும் வரை என்று இரண்டையும் கொடுத்தால், நிபந்தனை நிறைவேறிய உடனே நகர்ந்துவிடும். 5000 என்று கொடுத்தாலும் அரை விநாடியில் வந்துவிட்டால் அரை விநாடிதான் செலவு. நேரம் தீர்ந்தும் நிறைவேறவில்லை என்றால் அது எக்செப்ஷன் எறியாது, திரும்பி வரும் மதிப்பை நீங்கள்தான் சோதிக்கவேண்டும்.

சிஐயில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பில்) பச்சை காட்டுகிறது, ஆனால் ஒரு ஸ்டெப்புக்கான கோட் இன்னும் யாருமே எழுதவில்லை! எப்படி?

பீஹாட் இயல்பாக, வரையறுக்கப்படாத ஸ்டெப்பைத் தோல்வியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஸ்ட்ரிக்ட் ஆப்ஷனைப் போட்டு ஓட்டுங்கள். ஒரு திட்டத்தில் யாரோ ஸ்டெப்பின் வாக்கியத்தில் ஒரு எழுத்தை மாற்றிவிட, இரண்டு வாரம் பணம் திருப்பும் காட்சிகள் ஓடாமலே பச்சை காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்தத் திட்டத்திலும் சிஐ கோப்பில் நான் முதலில் தேடுவது 'ஸ்ட்ரிக்ட்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான்.

டாக்கரில் குரோம் திறக்கிறது, பக்கம் வரவில்லை. பேஸ் யூஆர்எல் லோக்கல்ஹோஸ்ட்.

டாக்கரில் ஒவ்வொரு கன்டெய்னரும் ஒரு தனிக் கணினி போல. குரோம் இருக்கும் கன்டெய்னருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான், உங்கள் செயலி அங்கே இல்லை. கம்போஸ் கோப்பில் வெப் சர்வருக்கு என்ன சர்வீஸ் பெயர் கொடுத்திருக்கிறீர்களோ அதையே பேஸ் யூஆர்எல்லில் லோக்கல்ஹோஸ்டுக்குப் பதிலாகக் கொடுங்கள்.