முதல் மரக்கப்பல்: கேள்வி – பதில்

எச்.எம்.எஸ். விக்டரி கப்பலை மாதிரியாகச் செய்ய ஆசை. இதுவரை மரத்தில் எதுவும் செய்ததில்லை. முதலிலேயே அதன் பாகங்கள் கொண்ட பெட்டியை வாங்கலாமா?
– வாசகர், கோவை

வேண்டாம். விக்டரி 1765-இல் கடலில் இறக்கப்பட்ட போர்க்கப்பல். டிரஃபால்கர் சண்டையில் 104 பீரங்கிகளோடு நின்றது. மூன்று பாய்மரம், நூற்றுக்கணக்கான கயிறு, ஆயிரக்கணக்கில் முடிச்சு. கைதேர்ந்தவர்களுக்கே ஆண்டுக்கணக்கில் பிடிக்கும் வேலை. புதியவர்கள் பலர் பலகை ஒட்டும் கட்டத்திலேயே சலித்துப்போய்ப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் ஆசை அப்படிப் போய்விடக் கூடாது.

மாடல் ஷிப்வேஸ் நிறுவனத்தில் தொடக்கக்காரர்களுக்கென்றே படிப்படியாக மூன்று படகுகள் உண்டு: 1:24 அளவில் (அதாவது உண்மைப் படகில் 24-இல் ஒரு பங்கு) கிராண்ட் பேங்க்ஸ் டோரி, 1:12 அளவில் நார்வே பாய்ப்படகு, மறுபடி 1:24 அளவில் மஸ்கோங்கஸ் பே லாப்ஸ்டர் படகு. மூன்றையும் வரிசையாக முடித்தவருக்கு மரம் எப்படி வளையும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பது கைக்குப் பழகிவிடும். கப்பல் போலவே தெரிய வேண்டும் என்றால் இரண்டு பாய்மரம் கொண்ட சிறிய ஸ்கூனர் ஒன்றை எடுங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பவுண்டி கப்பலின் 23 அடிப் படகு (1789-இல் கலகக்காரர்கள் கேப்டன் பிளையையும் உடன் 18 பேரையும் இறக்கிவிட்ட, பிளை திமோர் வரை செலுத்திச் சென்ற அதே படகு) 1:16 அளவில் சுமார் 44 செ.மீ. வரும். 1:64 அளவில் 11 செ.மீ.தான். சிறியது சுலபம் என்று தோன்றும். உண்மையில் பாகங்கள் விரலுக்கு அகப்படாமல் படுத்துவது சிறியதுதான்.

பலகைகள் அணியத்தின் (கப்பலின் முன்முனை) அருகே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. பசை காய்ந்த பிறகு நடுவில் இடைவெளியும் விழுகிறது. எங்கே தவறு?
– வாசகி, தூத்துக்குடி

மூன்று இடங்களில் இருக்கலாம். மூன்றும் பலகை ஒட்டுவதற்கு முன்பே நடந்தவை.

முதலாவது, குறுக்குச் சட்டங்களின் (பலகைகளைத் தாங்கும் விலா எலும்புகள் போன்றவை) சாய்வு. பெட்டியில் வரும் சட்டத்தின் விளிம்பு நேர்கோணத்தில் வெட்டப்பட்டிருக்கும். கப்பலோ முன்னும் பின்னும் ஒடுங்கிப் போகிறது. ஆகவே முன்பாதியில் உள்ள சட்டங்களில் அணியத்தைப் பார்த்த விளிம்பையும், பின்பாதியில் சுக்கான் பக்கம் பார்த்த விளிம்பையும் தேய்த்துச் சாய்க்க வேண்டும். விளிம்பின் முழுத் தடிமனிலும் பென்சிலால் கறுப்பாகத் தீட்டிக்கொள்ளுங்கள். 15 செ.மீ. நீளமுள்ள கட்டையில் 120 எண் உப்புத்தாளைச் சுற்றி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சட்டங்களில் படும்படி தேயுங்கள். கப்பலின் நடுவைப் பார்த்த ஓரத்தில் மயிரிழை அளவு பென்சில் கோடு மிச்சமிருக்கும்போது நிறுத்திவிடுங்கள். அந்தக் கோடும் போய்விட்டால் சட்டம் சிறுத்துவிட்டது என்று பொருள். அங்கே மெல்லிய மரச்சீவல் ஒட்டி மறுபடி தேய்க்க வேண்டியதுதான். இடையிடையே ஒரு பலகையை வளைத்து வைத்துப் பாருங்கள். எல்லாச் சட்டத்திலும் அது படிந்து உட்கார வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

இரண்டாவது, பலகையை ஒடுக்காமல் விட்டது. பலகை ஏறிக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு காகிதப் பட்டியை மிக அகலமான சட்டத்தின் மேல், தள விளிம்பிலிருந்து ஏரா வரை (தோணிக்காரர்கள் அடிமரத்தை அப்படித்தான் சொல்வார்கள்) ஒட்டினாற்போல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். 110 மி.மீ. வருகிறது, பலகை 5 மி.மீ. அகலம் என்றால் 22 பலகை வேண்டும். அதே பட்டியை அணியத்துச் சட்டத்தில் வையுங்கள். அங்கே 66 மி.மீ.தான் என்றால் அதே 22 பலகையும் அதற்குள் அடங்க வேண்டும்; ஒவ்வொன்றும் அங்கே 3 மி.மீ. அகலம்தான். இந்த ஒடுக்கம் பலகையின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குள் படிப்படியாக வரட்டும். பாதி அகலத்துக்குக் கீழே எந்தப் பலகையையும் ஒடுக்காதீர்கள், நுனி கூராகிப் பிளந்துவிடும். கணக்கு அப்படி வந்தால் இரண்டு பலகைகளை ஓர் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே பலகையாகக் கொண்டுபோங்கள். பின்புறத்தில் நேர்மாறாக இடம் மிஞ்சும். அங்கே ஆப்பு வடிவத் துண்டு செருகினால் போதும்.

ஒடுக்காத பலகையை இழுத்துப் பக்கவாட்டில் வளைக்கப் பார்ப்பதுதான் நடக்கிற வினை. மரப்பட்டி தட்டையான பக்கம் வளையும், விளிம்புப் பக்கம் வளையாது. வலுக்கட்டாயம் செய்தால் ஒரு விளிம்பு எழும்பி, பக்கத்துப் பலகை மேல் ஏறிவிடும்.

மூன்றாவது, ஈரம். லைம் (எலுமிச்சை அல்ல, லிண்டன்) மரப்பட்டியை 20 முதல் 30 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து வளைப்பது சரி. ஆனால் ஊறிய மரம் அகலவாக்கில் உப்பியிருக்கும். அப்படியே ஒட்டினால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும். ஊறியதைக் கப்பலின் மேலேயே கிளிப் போட்டு வளைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் எடுத்தால் வளைவு அப்படியே நிற்கும், மரமும் காய்ந்திருக்கும். பிறகு பசை போடுங்கள்.

ஏற்கெனவே விழுந்த இடைவெளிகளுக்கு வருந்த வேண்டாம். உங்களுடையது இரண்டு அடுக்குப் பலகை கொண்ட மாதிரியானால் மர மக்கு வைத்துத் தேய்த்துவிடலாம். மேலே வரும் அரை மி.மீ. வால்நட் அடுக்கு எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒரு பக்கம் பலகை முழுவதும் ஒட்டி முடித்தேன். இப்போது கப்பல் வாழைப்பழம் போல் வளைந்திருக்கிறது. நிமிர்த்த முடியுமா?
– வாசகர், மதுரை

முழுமையாக நிமிராது. வளைத்து ஒட்டிய ஒவ்வொரு பலகையும் நிமிரப் பார்க்கும். பசையின் ஈரம் காயும்போது கொஞ்சம் சுருங்கவும் செய்யும். ஒரு பக்கம் மட்டும் இருபது பலகை அப்படி இழுத்தால் மெல்லிய ஒட்டுப்பலகை ஏரா தாங்காது. வளைவு 1, 2 மி.மீ. என்றால் மறுபக்கப் பலகைகள் ஓரளவு ஈடுகட்டும். அதற்கு மேல் என்றால், வெள்ளைப் பசையில் ஒட்டியிருக்கும்பட்சத்தில் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து இளக்கிக் கழற்றுவதே நல்லது.

அடுத்த முறை இடம் ஒன்று, வலம் ஒன்று என்று ஜோடியாக ஒட்டுங்கள். அதற்கும் முன்னதாக, தளப்பலகையை முதலில் ஒட்டிவிட்டால் சட்டங்கள் நேராகப் பூட்டிக்கொள்ளும். முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே பால்சா மரத்துண்டு வைத்து வடிவாகத் தேய்த்தால் அணியத்துப் பலகைகளுக்குப் பிடிமானமும் கிடைக்கும்.

ஃபெவிகாலா, ஃபெவிக்விக்கா?
– வாசகர், திருச்சி

பலகைக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை. தவறாக வைத்தால் நகர்த்தலாம். அரை மணி நேரம் கிளிப்பில் பிடித்து, 24 மணி நேரம் காயவிடுங்கள். உடனடிப் பசையை உலோகத் துணுக்குகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் மரத்தில் அது பட்டால் உள்ளே ஊறிவிடும். பிறகு எண்ணெயோ வார்னிஷோ அந்த இடத்தில் மட்டும் ஏறாமல் திட்டாக நிற்கும். அதன் ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பாய்மரக் கயிற்று ஏணிகளைக் கட்டினால் நடுவில் இடுப்பு போல ஒடுங்கிவிடுகிறது. நூலும் பஞ்சு பஞ்சாக நிற்கிறது.
– வாசகி, காரைக்குடி

குறுக்கு நூலை ஒவ்வொரு முடிச்சிலும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறீர்கள். அந்தக் கொஞ்சம் முப்பது படியில் சேர்ந்து நீள்கயிறுகளை உள்ளே இழுத்துவிடுகிறது. ஒரு கெட்டி அட்டையில் படிக்கோடுகளை வரைந்து நீள்கயிறுகளுக்குப் பின்னால் வையுங்கள். உண்மைக் கப்பலில் ஒரு படி ஏறத்தாழ 35 செ.மீ.; 1:64 அளவில் ஐந்தரை மி.மீ. நீள்கயிறுகள் போகும் பாதையையும் அதே அட்டையில் வரைந்துவிட்டால், கயிறு கோட்டை விட்டு விலகுவது உடனே கண்ணில் படும். முதலில் ஐந்து படிக்கு ஒரு படி வீதம் கட்டி, பிறகு இடையில் நிரப்புங்கள். ஓரக் கயிற்றில் முடிச்சு போட்டதும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு சொட்டு வையுங்கள்.

பஞ்சு அடங்க, கட்டுவதற்கு முன்பே நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்து, விரலுக்கிடையே சூடுவர உருவுங்கள். பருத்தி நூல் மழைக்காலத்துக்கும் வெயிலுக்கும் இறுகித் தளரும். பாலியெஸ்டர் நூலில் அந்தத் தொந்தரவு குறைவு.